டச் டிஸ்ப்ளே ரூம் சென்சார்: முகவரியும் சுவர்த் துளையும்

டச் டிஸ்ப்ளே உள்ள அறை வெப்பநிலை சென்சார்களை பேக்நெட் எம்எஸ்/டிபி-யில் (கட்டடக் கருவிகள் ஒரே கேபிள் வழியே தகவல் பரிமாறும் முறை) இணைக்கும்போது கேபிளை ஒன்றிலிருந்து அடுத்ததற்குச் சங்கிலியாகவே இழுங்கள். நடுவில் கிளை பிரித்தால் சிக்னல் எதிரொலித்துத் தகவல் சிதையும். 120 ஓம் ரெசிஸ்டர் இரு கடைசி முனைகளில் மட்டும். பாட் ரேட் (தகவல் செல்லும் வேகம்) எல்லாவற்றிலும் ஒன்றாகவும், முகவரி (0 முதல் 127 வரை) வெவ்வேறாகவும் இருக்கட்டும். ஒரே முகவரி இரண்டில் இருந்தால் இரண்டும் நெட்வொர்க்கில் வந்து வந்து மறையும். கேபிள் கோளாறு என்று சுவரைக் கொத்திவிடாதீர்கள்.

சென்சாரைப் பொருத்தும் இடம்: தரையிலிருந்து சுமார் 1.5 மீட்டர் உயரம், வெயிலும் ஏசி காற்றும் நேரே படாத உள்சுவர். பின்னாலுள்ள கான்ட்யூட் குழாயின் (கேபிள் வரும் குழாய்) வாயை சீலன்ட்டால் அடைத்துவிடுங்கள். இல்லையென்றால் சென்சார் அளப்பது அறையை அல்ல, குழாய்க் காற்றை. திரையின் சூடும் அளவைக் கூட்டும். வெளிச்சத்தைக் குறைத்து, ஒரு மணி நேரம் ஓடவிட்ட பிறகே தெர்மாமீட்டரோடு ஒப்பிட்டு ஆஃப்செட் (திருத்த அளவு) கொடுங்கள்.