தளம் போடும் முன் வீட்டுக்காரர் பார்க்க வேண்டியவை

வீடு கட்டும் இடத்துக்குத் தினமும் போகிறவர்கள்கூட, சுவர் எத்தனை வரி ஏறியிருக்கிறது என்றுதான் பெரும்பாலும் பார்க்கிறார்கள். சுவர் கோணலாக இருந்தால் இடித்துக் கட்டலாம். கான்கிரீட்டுக்குள் போன கம்பியை என்ன செய்ய முடியும்? ஆபீசுக்கு லீவு போடுவதாக இருந்தால் பூட்டிங் (பில்லருக்கு அடியில் மண்ணுக்குள் போடும் அஸ்திவாரம்), பில்லர், தளம் (கூரைக் கான்கிரீட்) ஆகியவற்றுக்குக் கான்கிரீட் போடும் நாளிலும் அதற்கு முந்தின நாளிலும் போடுங்கள்.

கம்பி வந்து இறங்கும்போது எடைச்சீட்டை மட்டும் நம்பாமல் எண்ணிக்கையையும் பாருங்கள். 12 மீட்டர் நீளக் கம்பி ஒன்றின் எடை 8 எம்எம் என்றால் 4.74 கிலோ, 10 எம்எம் 7.4 கிலோ, 12 எம்எம் 10.65 கிலோ, 16 எம்எம் 18.95 கிலோ. 10 எம்எம் வரை 7 சதவீதமும், 12, 16 எம்எம்முக்கு 5 சதவீதமும் கூடக் குறைய இருக்கலாம். அதற்கு மேல் குறைந்தால் இறக்க விடாதீர்கள். சிமென்ட் மூட்டையில் தயாரித்த வாரமும் வருடமும் அச்சிட்டிருக்கும். 3 மாதம் தாண்டிய மூட்டை தளத்துக்கு வேண்டாம்.

பில்லரில் பார்க்க வேண்டியவை இரண்டு. நெடுங்கம்பிகளைச் சுற்றிக் கட்டும் ரிங்கின் இரு முனைகளும் உள்பக்கமாக 135 டிகிரி மடங்கியிருக்க வேண்டும். வேலை சீக்கிரம் முடியட்டும் என்று 90 டிகிரியோடு விட்டுவிடுவார்கள். பாரம் ஏறி மேல்கான்கிரீட் உதிர்ந்தால் அந்த ரிங் பிரிந்துகொள்ளும். அடுத்தது கவர் பிளாக், அதாவது கம்பியைச் சுற்றி கான்கிரீட் மூடி நிற்க இடம் விட்டு வைக்கும் சிறு கட்டை: பூட்டிங்குக்கு 50 எம்எம், பில்லருக்கு 40, தளத்துக்குக் குறைந்தது 20. ஜல்லிக்கல்லை அடியில் செருகிச் சமாளிக்க விடாதீர்கள். கான்கிரீட் கொட்டும்போது அது நழுவி, கம்பி அடிப்பலகையில் உட்கார்ந்துவிடும். சில வருடங்களில் துருவேறி, சீலிங் பெயர்ந்து விழுவதற்கு முக்கியக் காரணம் இந்தக் கவர் இல்லாததுதான்.

தளத்தில் அதிக நேரம் நில்லுங்கள், முக்கியமாகச் சன்ஷேட், பால்கனிப் பக்கம். சுவரைத் தாண்டி வெளியே நீண்டு நிற்கும் தளத்தின் மேல்பக்கம்தான் இழுபடும். அதனால் முக்கியக் கம்பி மேலே இருக்க வேண்டும். சரியாகக் கட்டிய கம்பியும் தளம் போடும் நாளில் கெட்டுப்போகிறது. சட்டி சுமப்பவர்கள் அதன் மேலேயே நடப்பார்கள், மிதிபட்டுக் கீழே இறங்கிவிடும். 5 இஞ்ச் தளத்தில் கம்பி ஒரு இஞ்ச் இறங்கினாலே தாங்கும் சக்தி கணிசமாகக் குறையும். அடிவரை இறங்கிவிட்டால், தளத்தைத் தாங்கி நிற்கும் முட்டுக்கட்டைகளைக் கழற்றும்போதே பால்கனி விழலாம். பீமுக்கு மேலே போகும் கம்பிக்கும் இதே கதிதான். அங்கே பின்னால் தளத்தின் மேல்பக்கம் பீமை ஒட்டி நீளமாக விரிசல் வரும். இதற்குச் செய்ய வேண்டியது சுலபம்: மேல்கம்பிக்கு அடியில் 3 அடிக்கு ஒரு சேர் கம்பி (மேல்கம்பியைத் தூக்கிப் பிடிக்க நாற்காலி போல வளைத்த கம்பி) வைத்துக் கட்டச் சொல்லுங்கள், நடக்கப் பலகை போடச் சொல்லுங்கள், அந்த இடத்துக்குக் கான்கிரீட் வரும்போது கம்பி மேலேதான் இருக்கிறதா என்று நேரில் பாருங்கள்.

கம்பியை ஒட்டுப்போட்ட இடத்தில் டேப் பிடியுங்கள். எம்20 என்ற வலிமை அளவுள்ள கான்கிரீட்டில், 500 கிரேடு (கம்பியின் வலிமை அளவு) 12 எம்எம் கம்பி இரண்டேகால் அடியாவது ஒன்றன் மேல் ஒன்று ஏறியிருக்க வேண்டும். எல்லா ஒட்டும் ஒரே வரிசையில் வரக்கூடாது. எலக்ட்ரீசியன் பைப் போடும்போது கம்பியை வெட்டியிருக்கிறாரா என்றும் பாருங்கள். மூடுவதற்கு முன் எல்லா இடத்தையும், டேப் அளவு தெரியும்படி, போட்டோ எடுத்து வையுங்கள்.

கலவை எம்20 என்றால் ஒரு மூட்டை சிமென்டுக்கு ஒன்றரைப் பெட்டி எம்சாண்ட், மூன்று பெட்டி ஜல்லி. பெட்டி 35 லிட்டர் பிடிக்க வேண்டும். 30 செ.மீ. நீளம், 30 அகலம், 39 உயரம் என்றால் சரியாக வரும். சட்டிக் கணக்கில் போட்டால் ஆளுக்கு ஆள் மாறும். தண்ணீர் மூட்டைக்கு 27 லிட்டருக்குள், எம்சாண்ட் ஈரமாக இருந்தால் இன்னும் குறைவு. பரப்பச் சுலபம் என்று மிக்சரில் ஓஸ் பைப்பால் தண்ணீர் விடுவதைக் கட்டாயம் நிறுத்துங்கள். கூடுதல் தண்ணீர் ஆவியாகிப் போகும் இடமெல்லாம் ஓட்டையாக நிற்கும், மழைநீர் அந்த வழியாகத்தான் இறங்கும். கான்கிரீட்டை அதிரவைத்து இறுக்கும் வைப்ரேட்டர் இரண்டு கேட்டு வாங்குங்கள். நடுவில் ஒன்று நின்றுபோவது சகஜம்.

வெயில் காலத்தில் விடியற்காலையிலேயே ஆரம்பியுங்கள். மேல்பரப்பு இறுகியதும் ஈரச்சாக்கு போர்த்தி, மறுநாள் பாத்தி கட்டி 2 இஞ்ச் தண்ணீர் நிறுத்துங்கள். பிபிசி (சாம்பல் கலந்த) சிமென்டுக்கு 10 நாள் குறைந்தபட்சம், 14 நாள் நல்லது. பில்லரில் தண்ணீர் நிற்காது. சாக்கு சுற்றி, அது காயாமல் நனைக்க வேண்டும். பெரும்பாலான வீடுகளில் விட்டுப்போவது இந்த வேலைதான்.

ஓபிசி (சாம்பல் கலக்காத சாதாரண) சிமென்ட் என்றால், தாங்கும் சுவருக்குச் சுவர் 15 அடி வரை உள்ள தளத்துக்கு முட்டு 7 நாளாவது நிற்க வேண்டும். அதற்கு மேல் போனால் 14 நாள். பீமுக்கு 20 அடி வரை 14 நாள். பிபிசி மெதுவாக வலுப்பெறும் என்பதால், பலகையும் முட்டும் அடிக்கும் சென்ட்ரிங்காரர் எவ்வளவு அவசரப்படுத்தினாலும் தளத்துக்கும் 14 நாள் விடுங்கள். அறைகளில் நடுவிலிருந்து ஓரத்தை நோக்கியும், சன்ஷேடில் நுனியிலிருந்து சுவரை நோக்கியும் கழற்ற வேண்டும். கழற்றியதும் அடிப்பக்கத்தை டார்ச் அடித்துப் பாருங்கள். கம்பி தெரிகிற இடத்தையும், ஜல்லி மட்டும் தனியாகத் தெரிகிற இடத்தையும் சாக்பீஸால் வட்டமிட்டு, பூச்சு வேலை தொடங்கும் முன் இன்ஜினீயரிடம் காட்டுங்கள்.