தண்ணீர் டேங்கரை டிராக்டரில் பத்திரமாக இழுத்துச் செல்ல

45 ஹெச்.பி. டிராக்டர் 5000 லிட்டர் டேங்கரைச் சமதளத்தில் சுலபமாக இழுத்துவிடும். நிறுத்தும்போதுதான் சிக்கல். தண்ணீர் மட்டுமே 5 டன். டேங்கரின் இரும்பும் சேர்ந்தால் 6 டன்னை எட்டிவிடும். முன்னால் போகும் டிராக்டரோ ஏறக்குறைய 2 டன்தான். பிரேக் இல்லாத டிரெய்லரின் மொத்த எடை டிராக்டர் எடையில் ஒன்றரை மடங்கைத் தாண்டக் கூடாது, வேகமும் 30 கி.மீ. அளவில் நிற்க வேண்டும். அந்தக் கணக்குப்படி 2 டன் டிராக்டருக்கு 3 டன்தான் எல்லை. ஆகவே 5000 லிட்டர் என்றால் டேங்கருக்கே தனி பிரேக் வேண்டும். இல்லையென்றால் 2000 லிட்டர் டேங்கரை எடுத்துக்கொண்டு கூடுதலாக இரண்டு நடை போங்கள்.

பெரிய டேங்கரில் பாதி நிரப்பிக்கொள்வதும் வழியல்ல. பாதித் தண்ணீர் உள்ளே அலையடிக்கும். பிரேக் போட்டால் மொத்தமும் முன்னால் பாய்ந்து டிராக்டரைத் தள்ளும். வளைவில் வெளிப்பக்கம் சாய்ந்து டேங்கரைக் கவிழ்க்கும். மேட்டில் பின்னால் ஓடிக் கொக்கியை மேலே தூக்கும், டிராக்டரின் பின் சக்கரம் பிடிமானம் இழந்து சுழலும். டேங்கர் வாங்கும்போதே உள்ளே அலையை அடக்கும் தடுப்புத் தகடுகள் இருக்கின்றனவா என்று மூடியைத் திறந்து பாருங்கள்.

மாட்டும்போது டேங்கர் சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் கல் கொடுங்கள். டிராக்டர் பின்னால் வரும்போது உதவிக்கு நிற்பவர் பக்கவாட்டில்தான் நிற்க வேண்டும், நடுவில் கூடாது. வண்டி நின்று, ஹேண்ட் பிரேக் போட்ட பிறகுதான் இரண்டையும் இணைக்கும் இரும்பு ஆணியான கொக்கிப் பின்னைச் சொருகலாம். பின்னின் நடுவில் பள்ளம் விழுந்து தேய்ந்திருந்தால் மாற்றிவிடுங்கள். அது மேலே கழன்று வராமல் இருக்கக் கீழே லாக் பின் கட்டாயம். லாக் பின்னுக்குப் பதில் ஆணியோ கட்டுக்கம்பியோ போட்டால் குலுங்கலில் நழுவிவிடும். டேங்கரின் டிராபாருக்கு (டிராக்டரோடு இணையும் முன்பக்க இரும்புக் கை) அடியில் பாதுகாப்புச் சங்கிலியைக் குறுக்காகப் போட்டு, திரும்புவதற்கு மட்டும் தளர்வு விடுங்கள். கொக்கிப் பின் உடைந்தாலும் டிராபார் தரையில் குத்தாமல் சங்கிலி தாங்கும்.

இழுவை எப்போதும் டிராக்டரின் டிரெய்லர் கொக்கியில் அல்லது அதன் டிராபாரில்தான். டாப் லிங்க் (கலப்பை போன்றவற்றைப் பிடிக்கும் மேல் கம்பி) மாட்டும் இடத்திலோ அச்சுக்கு மேலேயோ சங்கிலி கட்டி இழுத்தால் முன் சக்கரம் எழும்பி டிராக்டர் பின்பக்கமாகக் கவிழும். ஒன்றரை விநாடிக்குள் முடிந்துவிடும் அது. சுதாரித்து கிளட்சை மிதிப்பதற்குக்கூட நேரம் இருக்காது. சேற்றில் புதைந்தபோது பின் சக்கரத்துக்கு முன்னால் கட்டை கொடுத்து ஏற்றப் பார்ப்பதும் இதே ஆபத்துதான். சக்கரம் நகர முடியாமல் நின்றால் இன்ஜினின் விசை டிராக்டரின் உடலையே அச்சைச் சுற்றித் தூக்கும். தண்ணீரைத் திறந்துவிட்டுப் பாரத்தைக் குறையுங்கள், ரிவர்ஸில் வெளியே எடுக்கப் பாருங்கள்.

ரோட்டுக்கு ஏறுமுன் இடது, வலது பின் சக்கரங்களுக்கான இரண்டு பிரேக் பெடலையும் சேர்த்து லாக் போடுங்கள். வயலில் தனித்தனியாக விட்டதை மறந்து ஒன்றை மட்டும் மிதித்தால், பாரத்தோடு டிராக்டர் ஒரு பக்கமாக இழுத்துத் திரும்பும். மெதுவாகப் போகும்போதே ஒருமுறை பிரேக் போட்டு, நேராக நிற்கிறதா என்று பாருங்கள்.

இறக்கத்தில் எந்த கியரில் மேடேற வேண்டியிருக்குமோ அதே கியரில் இறங்குங்கள். கியரை இறக்கம் தொடங்குமுன்பே மாற்றிவிட வேண்டும். நியூட்ரலில் விடுவதும் கிளட்சை மிதித்தபடி உருள்வதும் டீசல் மிச்சமாகும் என்று செய்யப்படுகிறது. இன்ஜின் பிடிப்பு போனதும் டேங்கர் டிராக்டரை முந்தப் பார்க்கும், இரண்டும் மடங்கிக்கொள்ளும். மட்கார்டிலும் டிராபாரிலும் யாரையும் உட்கார விடாதீர்கள். விழுந்தால் டேங்கர் சக்கரத்துக்கு அடியில்தான்.

டேங்கரின் பின்பக்கம் சிவப்பு ரிஃப்ளெக்டர் இரண்டு ஓரத்திலும் இருக்கட்டும், சேறு படிந்தால் துடைத்துவிடுங்கள். இரவில் ரோட்டோரம் நிறுத்த நேர்ந்தால் தார் ரோட்டை விட்டு முழுவதும் இறக்கி, சக்கரத்துக்குக் கல் கொடுத்து, பின் விளக்கை எரியவிடுங்கள்.