கருத்துக்கேட்புக் கூட்டத்துக்குப் போகும் முன்: மாசி வீதிக்காரர்களுக்கு

மதுரை மாரட் வீதியில் உட்கார்ந்து கட்டட ப்ளான் வரைந்து கொடுப்பது என் பிழைப்பு. மீனாட்சி கோயிலைச் சுற்றியுள்ள பழைய ஊரைப் புதுப்பிக்கப் போவதாக அறிவிப்பு வந்தால், அக்கம்பக்கத்துக் கடைக்காரர்கள் பேப்பரைக் கையில் பிடித்தபடி வந்துவிடுவார்கள். "கூட்டத்தில் என்ன சார் பேசலாம்?" என்பார்கள். பேசுவது அப்புறம். முதலில் எழுதுங்கள்.

அறிவிப்பில் எந்தச் சட்டத்தைச் சொல்லியிருக்கிறது என்று பாருங்கள். தமிழ்நாடு நகர் மற்றும் ஊரமைப்புச் சட்டம், 1971 என்று இருந்தால் அது ஊர் முழுவதற்குமான முழுமைத் திட்டமாகவோ (மாஸ்டர் ப்ளான்), ஒரு பகுதிக்கு மட்டுமான விரிவு அபிவிருத்தித் திட்டமாகவோ இருக்கும். ஆட்சேபணை சொல்லக் குறைந்தது இரண்டு மாதம் தர வேண்டும். வரைவை எங்கே வந்து பார்க்கலாம் என்றும் அறிவிப்பிலேயே சொல்ல வேண்டும். சாலை, நடைபாதை, வாகன நிறுத்தம் என்று தனித்தனி வேலைகளுக்கு நடக்கும் கூட்டம் வேறு. அதற்கு இந்த இரண்டு மாதக் கணக்கு பொருந்தாது. கடைசித் தேதி அறிவிப்பில் இருந்தால் வட்டம் போட்டு வையுங்கள். இல்லாவிட்டால் எழுதியே கேளுங்கள்.

அடுத்து வரைபடம். வண்ணம் தீட்டிய படத்தில் மரமும் பெஞ்சும் அழகாகத்தான் இருக்கும். அதைப் பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள். உங்கள் சொத்தின் டி.எஸ். எண் (நகர சர்வே எண்), வார்டு, பிளாக் மூன்றையும் எழுதிக்கொண்டு போய் அந்த இடத்தில் என்ன நிறம், என்ன கோடு என்று தேடுங்கள். சாலை அகலக் கோடு உங்கள் வாசற்படிக்கு வெளியே போகிறதா, உள்ளே வருகிறதா? கோடு ஊரையே மாற்றும். என் வீதிக்குப் பெயர் தந்த மாரட் ஒரு சர்வேயர். 1840-களில் கலெக்டர் பிளாக்பர்ன் கோட்டைச் சுவரை இடித்து அகழியைத் தூர்த்தபோது அளந்தவர் அவர்தான். பக்கத்திலேயே பெருமாள் மேஸ்திரி வீதியும் இருக்கிறது. அவரும் அந்தக் கோட்டை இடிப்பு வேலையில் இருந்தவர். சுவர் இருந்த இடத்தில் இன்று வெளி வீதிகள்.

உயரத்தையும் கவனியுங்கள். கோயிலிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் 9 மீட்டருக்கு மேல் கட்டக் கூடாது என்று 1997-இல் அரசாணை வந்தது. புது வணிக வளாகமோ அடுக்கு வாகன நிறுத்தமோ வந்தால் அது எத்தனை மீட்டர் என்று கேளுங்கள்.

இனி மனு. "எங்கள் பாரம்பரியத்தைக் காக்க வேண்டும்" என்று எழுதினால் படிக்கிறவர் தலையாட்டிவிட்டு அடுத்த தாளுக்குப் போய்விடுவார். டேப் எடுத்து அளந்து எழுதுங்கள். சரக்கு வண்டி எந்த நேரத்தில் வருகிறது, குட்டி யானை திரும்ப எவ்வளவு அகலம் வேண்டும், மழை பெய்தால் தண்ணீர் எந்த மூலையில் நிற்கிறது, நடைபாதையை உயர்த்தினால் அந்தத் தண்ணீர் யார் கடைக்குள் போகும் என்று எழுதலாம். சித்திரைத் திருவிழாவில் மாசி வீதிகளில் தேர் ஓடும் ஊர் இது. நடைபாதை ஓரக்கல்லும் தடுப்புத் தூண்களும் தேருக்கும் வடம் பிடிப்பவர்களுக்கும் இடம் விடுகின்றனவா என்று ஒரு வரி கேட்பது நியாயம். ஒரு பிரச்சினைக்கு ஒரு பத்தி போதும். அதன் கீழே உங்களுக்கு என்ன வேண்டும் என்பதை எழுதுங்கள்.

பலரும் விட்டுவிடுவது வேலை நடக்கும் மாதங்களை. முடிந்தபின் எப்படி இருக்கும் என்று எல்லாரும் கேட்கிறார்கள், தோண்டிப் போட்டிருக்கும்போது வியாபாரம் எங்கே என்று கேட்பவர் குறைவு. ஒரே நேரத்தில் எத்தனை மீட்டர் தோண்டுவார்கள், தீபாவளிக்கு முன் குழியை மூடுவார்களா, மாற்று இடம் உண்டா? இவற்றுக்குத் தேதியோடு பதில் கேளுங்கள். கோயிலுக்கு எதிரே புது மண்டபத்தில் இருந்த தையல் கடைகளும் மற்றக் கடைகளும் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறியதை நினைத்துப் பாருங்கள். அளவெடுத்துத் தைக்கும் தையல்காரருக்கு வாடிக்கையாளர் வந்து பழகிய இடம்தான் முதல்.

தெருவோர வியாபாரிகளுக்குத் தனிச் சட்டமே உண்டு, 2014-இல் வந்தது. அவர்கள் விஷயத்தைக் கவனிக்கும் நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 சதவீதம் வியாபாரிகளின் பிரதிநிதிகள் இருக்க வேண்டும். விற்பனைச் சான்று வைத்திருப்பவரை இடம் மாற்ற 30 நாள் முன்னறிவிப்பு தர வேண்டும். எங்கள் முக்கில் பூக்கட்டும் அக்கா, "தம்பி, எனக்கு இங்கிலீஷ் வராதே" என்று தயங்கினார். தமிழில் எழுதுங்கக்கா, கையெழுத்தாகவே இருக்கட்டும் என்றேன்.

மனுவின் கடைசியில் ஒரு வரி கட்டாயம்: "என்னை நேரில் அழைத்து விசாரிக்கக் கோருகிறேன்." 1971 சட்டப்படி, அப்படிக் கேட்டவர்களுக்குத்தான் நேரில் பேச வாய்ப்புத் தர வேண்டும். இரண்டு பிரதி எடுத்து, அறிவிப்பு தந்த அலுவலகத்தின் தபால் பிரிவில் ஒன்றைக் கொடுத்து மற்றதில் தேதியோடு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். ஸ்பீட் போஸ்டில் அனுப்பினால் ரசீதை மனு நகலோடு பின் அடித்து வையுங்கள்.

கூட்டத்தில் மைக் கிடைத்தால் மனுவிலிருந்து ஒரே ஒரு விஷயத்தை மட்டும் சொல்லுங்கள். அரசியல் பேச அங்கே வேறு ஆட்கள் வருவார்கள். நீங்கள் சொன்னதைக் கூட்டக் குறிப்பில் பதியச் சொல்லிவிட்டு உட்காருங்கள்.

பதில் வராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டிக் கேளுங்கள். 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். "ஏன் செய்யவில்லை" என்று கேட்காதீர்கள், ஆவணத்தைக் கேளுங்கள்: கூட்டக் குறிப்பின் நகல், வந்த ஆட்சேபணைகளின் பட்டியல், ஒவ்வொன்றின் மீதும் எடுத்த முடிவு, உங்கள் மனு இருக்கும் கோப்பின் எண்.