சிசிஎன்ஏ தேர்வுக்குத் தயாராவது எப்படி? கடலூர், புதுச்சேரி மாணவர்களுக்கு ஒரு செய்முறை விளக்கம்

டிப்ளமோ, பி.எஸ்சி., பி.சி.ஏ. முடித்துவிட்டு நெட்வொர்க் வேலைக்குப் போக விரும்புகிறவர்கள் முதலில் கேட்பது, "எந்தப் புத்தகம் வாங்கலாம்?" என்றுதான். புத்தகத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். ஒரு கணினியிலிருந்து கிளம்பிய பேக்கெட், அதாவது தரவுத் துண்டு, எந்த வழியாகப் போனது, எந்த இடத்தில் நின்றுபோனது என்று உங்களால் சொல்ல முடிகிறதா? நெட்வொர்க் கருவிகள் தயாரிக்கும் சிஸ்கோ நிறுவனத்தின் சான்றிதழ் தேர்வான சிசிஎன்ஏவில் பெரும்பாலும் இதைத்தான் கேட்கிறார்கள். புதுச்சேரியில் நெட்வொர்க் வேலை பார்க்கும் எனக்குத் தினமும் வருகிற கேள்வியும் இதுதான். ஆகவே கீழே சொல்லும் படிகள் எல்லாம் கையால் செய்து பழகுவதற்கானவை.

படி 1: தேர்வைத் தீர்மானியுங்கள்

சிஸ்கோவின் சிசிஎன்ஏ தேர்வின் எண் 200-301. நேரம் 120 நிமிடம், கட்டணம் 300 டாலர், வரி தனி. சான்றிதழ் மூன்று ஆண்டுகள் செல்லும். காம்ப்டியா என்ற அமைப்பின் நெட்வொர்க் பிளஸ் தேர்வு எந்த ஒரு நிறுவனத்தின் கருவியையும் சார்ந்திராதது. 90 நிமிடம், அதிகபட்சம் 90 கேள்விகள். இவை இரண்டுக்கும் கீழே, சிஸ்கோவின் சிசிஎஸ்டி நெட்வொர்க்கிங் என்ற 50 நிமிடத் தேர்வு இருக்கிறது.

சில மாதங்கள் ஒழுங்காக உட்கார்ந்து படிக்க முடியுமென்றால் நேராக சிசிஎன்ஏவுக்கே போங்கள் என்பது என் கருத்து. ரவுட்டரையும் (நெட்வொர்க்குகளை இணைக்கும் கருவி) சுவிட்சையும் (ஒரே நெட்வொர்க்கின் கணினிகளை இணைக்கும் கருவி) கட்டளை கொடுத்து அமைக்கும் பழக்கம் அதில்தான் வருகிறது.

படி 2: பாடத்திட்டத்தை அச்சிட்டு வையுங்கள்

சிஸ்கோவின் தளத்தில் தேர்வுத் தலைப்புகள் இலவசமாகக் கிடைக்கின்றன. 2024 ஆகஸ்டிலிருந்து நடப்பில் இருப்பது 1.1 பதிப்பு. பழைய குறிப்புகளை யாராவது கொடுத்தால் அதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஐபி இணைப்பு, அதாவது பேக்கெட்டுக்கு வழி காட்டும் ரவுட்டிங், 25 விழுக்காடு. அடிப்படைகள் 20, சுவிட்சிங்கும் வயர்லெஸும் சேர்ந்த பகுதி 20. இந்த மூன்றிலேயே 65 விழுக்காடு வந்துவிடுகிறது. பாதுகாப்பு 15, ஐபி சேவைகள் 10, ஆட்டோமேஷன் 10. படிக்கும் வரிசையையும் இந்த எண்களை வைத்தே அமைத்துக்கொள்ளுங்கள்.

படி 3: சப்நெட் கணக்கைக் கையால் போடுங்கள்

அதிகம் பேர் பயந்து விலகுவது இங்கேதான். சப்நெட் என்பது ஒரு நெட்வொர்க்கின் முகவரிகளைச் சிறு தொகுதிகளாகப் பிரிப்பது. உண்மையில் இது 256லிருந்து கழிக்கும் கணக்கு. நேரு வீதியில் ஒரு ஜவுளிக்கடை இருப்பதாக வைத்துக்கொள்வோம். கேமராக்கள் 50, பில் போடும் கணினிகள் 25, அலுவலகத்தில் 10, கடலூர் கிளைக்குப் போகும் ரவுட்டர் இணைப்புக்கு 2 முகவரிகள். கையில் இருப்பது 192.168.10.0/24, அதாவது கடைசி எண் 0 முதல் 255 வரையான 256 முகவரிகள். சாய்கோட்டுக்குப் பின் வரும் எண், முகவரியின் 32 பிட்களில் எத்தனை நெட்வொர்க்கைக் குறிக்கின்றன என்பது.

பெரிய தேவையிலிருந்து தொடங்க வேண்டும். கேமராக்களுக்கு /26. அதையே முகவரி வடிவில் எழுதும் மாஸ்க் 255.255.255.192. 256லிருந்து 192 போக 64. இதுதான் ஒரு தொகுதியின் அளவு. முதல் முகவரி நெட்வொர்க்குக்கு, கடைசி முகவரி பிராட்காஸ்டுக்கு, அதாவது தொகுதியில் உள்ள எல்லாக் கருவிகளுக்கும் ஒரே நேரத்தில் அனுப்புவதற்கு. இரண்டையும் கழித்தால் 62 மிஞ்சும், 50க்குத் தாராளம். ஆக 0 முதல் 63 வரை கேமராவுக்கு. அடுத்தது 64லிருந்து. 25 கணினிகளுக்கு /27. தொகுதி 32, பயன்படுவது 30. இது 95இல் முடிகிறது. அலுவலகத்துக்கு /28, 96 முதல் 111 வரை, பயன்படுவது 14. ரவுட்டர் இணைப்புக்கு /30. 112 முதல் 115 வரை, அதில் 113, 114 மட்டும் பயன்படும்.

சிறிய தேவையிலிருந்து தொடங்கினால் தொகுதிகள் சரியான எல்லையில் உட்காராமல் நடுவில் முகவரிகள் வீணாகும். ஒருமுறை அப்படியும் போட்டுப் பாருங்கள், காரணம் உடனே விளங்கும்.

கடலூரிலிருந்து புதுச்சேரிக்கு பஸ்ஸில் வருகிறவர்களுக்கு நல்ல பயிற்சி ஒன்று உண்டு. கன்னியகோயில், கிருமாம்பாக்கம், தவளக்குப்பம், அரியாங்குப்பம் என ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஒரு முகவரியை எடுத்துக்கொண்டு, அது எந்த நெட்வொர்க், அதன் பிராட்காஸ்ட் எது என்று மனத்திலேயே சொல்லுங்கள். 192.168.10.77/27 என்றால் நெட்வொர்க் 64, பிராட்காஸ்ட் 95. பேனா இல்லாமல் பதில் வரும்வரை விடாதீர்கள். தேர்வில் இந்தக் கணக்குக்குச் செலவாகும் நேரம் குறைந்தால்தான் மற்ற கேள்விகளை நிதானமாகப் படிக்க முடியும்.

படி 4: அதே கடையை பேக்கெட் டிரேசரில் கட்டுங்கள்

சிஸ்கோ நெட்வொர்க்கிங் அகாடமியில் கணக்குத் தொடங்கினால், கணினியிலேயே நெட்வொர்க் கட்டிப் பழக உதவும் பேக்கெட் டிரேசர் மென்பொருள் இலவசம். ஒரு 2911 ரவுட்டர், ஒரு 2960 சுவிட்ச், மூன்று கணினிகள் போதும். ஒரே சுவிட்சைத் தனித்தனி நெட்வொர்க்குகளாகப் பிரிப்பதுதான் வீலேன். கேமராவுக்கு வீலேன் 10, பில்லுக்கு 20, அலுவலகத்துக்கு 30. சுவிட்சிலிருந்து ரவுட்டருக்குப் போகும் போர்ட்டை டிரங்காக, அதாவது எல்லா வீலேன்களையும் ஒரே கம்பியில் கொண்டுபோகும் இணைப்பாக, மாற்றுங்கள். ரவுட்டரின் ஒரே போர்ட்டில் மூன்று துணை இன்டர்ஃபேஸ்கள் (அந்தப் போர்ட்டின் உட்பிரிவுகள்) அமைத்து, ஒவ்வொன்றிலும் அதற்குரிய வீலேன் எண்ணைக் கொடுத்த பிறகு, 192.168.10.1, 192.168.10.65, 192.168.10.97 என்று கேட்வே முகவரிகளைக் கொடுங்கள். கணினிகள் வேறு நெட்வொர்க்குக்குப் போகும் வாசல் இவைதான். ரவுட்டர் போர்ட்டுகள் ஆரம்பத்தில் அணைந்தே இருக்கும். 'நோ ஷட்டவுன்' கொடுத்தால்தான் பச்சை விளக்கு வரும்.

இப்போது பில் கணினியிலிருந்து அலுவலகக் கணினிக்குப் பிங் செய்யுங்கள், அதாவது பதில் வருகிறதா என்று பேக்கெட் அனுப்பிச் சோதியுங்கள். நான்கில் முதலாவது தவறிப்போய், மற்றவற்றுக்குப் பதில் வரக்கூடும். பழுது என்று நினைக்க வேண்டாம். எதிர்முனைக் கணினியின் மேக் முகவரி, அதாவது வன்பொருள் முகவரி, ரவுட்டருக்கு இன்னும் தெரியாது. அதை ஏஆர்பி (ஐபி முகவரியைச் சொல்லி மேக் முகவரியைக் கேட்கும் முறை) மூலம் கேட்டுத் தெரிந்துகொள்வதற்குள் முதல் பேக்கெட் விழுந்துவிடுகிறது. சிமுலேஷன் முறைக்கு மாறி பேக்கெட்டாகத் திரையில் தெரியும் ஒவ்வோர் உறையையும் தட்டிப் பாருங்கள். ரவுட்டரைத் தாண்டும்போது மேக் முகவரிகள் மாறுவதையும் ஐபி முகவரிகள் மாறாமல் இருப்பதையும் கண்ணாலேயே பார்க்கலாம். பல பக்கங்கள் படித்தும் பிடிபடாத விஷயம் இங்கே சில நிமிடங்களில் பிடிபடும்.

செய்ததைச் சேமிக்க மறக்காதீர்கள். ரன்னிங் கான்ஃபிக், அதாவது இப்போது இயங்கும் அமைப்பு, ரேமில் இருப்பது. அதை ஸ்டார்ட்அப் கான்ஃபிக்குக்கு நகல் எடுக்காவிட்டால் மின்சாரம் போனதும் எல்லாம் போய்விடும். பேக்கெட் டிரேசர் கோப்பையும் தனியாகச் சேமியுங்கள். புயல் மழைக் காலத்தில் நம் கடலோரத்தில் மின்வெட்டு சொல்லிக்கொண்டு வருவதில்லை.

படி 5: நீங்களே கெடுத்து, நீங்களே சரிசெய்யுங்கள்

இந்தப் படியைத் தாண்டிப் போகாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். ஒரு நண்பரை அழைத்து உங்கள் லேப்பில், அதாவது பேக்கெட் டிரேசரில் கட்டிய நெட்வொர்க்கில், ஒரு தவறைச் செய்யச் சொல்லுங்கள். கேட்வேயில் ஓர் எண், டிரங்கில் விடுபட்ட வீலேன், மாஸ்க் என எதுவாகவும் இருக்கலாம். தேடும்போது கீழிருந்து மேலே, அதாவது போர்ட்டிலிருந்து ரவுட்டிங் நோக்கி, வாருங்கள். 'ஷோ ஐபி இன்டர்ஃபேஸ் ப்ரீஃப்' கொடுத்துப் போர்ட் உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு 'ஷோ வீலேன் ப்ரீஃப்', அடுத்து 'ஷோ இன்டர்ஃபேசஸ் டிரங்க்', கடைசியாக 'ஷோ ஐபி ரூட்'. விண்டோஸ் கணினியில் 169.254 என்று தொடங்கும் முகவரி தெரிந்தால் டிஹெச்சிபியிடமிருந்து (முகவரிகளைத் தானாக வழங்கும் சேவை) பதில் வரவில்லை என்று பொருள். ரவுட்டிங்கைக் குடைந்து நேரத்தை வீணாக்க வேண்டாம்.

படி 6: பதிவும் தேர்வு நாளும்

வெளியே கசிந்த கேள்விகளைத் தொகுத்து 'டம்ப்ஸ்' என்று விற்கிறார்கள். தொடவே தொடாதீர்கள். பிடிபட்டால் சான்றிதழே ரத்தாகும். பிடிபடாவிட்டாலும், "192.168.1.120/25, 192.168.1.130/25 இரண்டும் ரவுட்டர் இல்லாமல் பேசுமா?" என்று நேர்காணலில் கேட்டால் விழிக்க நேரும். (பேசாது, ஒன்று 127க்கு இந்தப் பக்கம், மற்றது அந்தப் பக்கம்.)

தேர்வை நடத்தும் பியர்சன் வியூ நிறுவனம் வழியாகப் பதிவு செய்யும்போது பெயரில் கவனம் தேவை. நம்மில் பலருக்கு ஓர் அட்டையில் இனிஷியலும் இன்னொன்றில் அப்பா பெயர் முழுதாகவும் இருக்கும். தேர்வன்று காட்டப்போகும் அடையாள அட்டையில் இருப்பதுபோலவே பெயரைப் பதியுங்கள்.

சிசிஎன்ஏவில் ஒரு கேள்வியைத் தாண்டிவிட்டால் திரும்பி வர முடியாது. விடை தெரியாவிட்டாலும் ஒன்றைத் தேர்ந்தெடுத்துவிட்டுத்தான் நகர வேண்டும். தேர்ச்சி கிடைக்காமல் போனால் ஐந்து நாள் காத்திருந்து மீண்டும் எழுதலாம். மதிப்பெண் அறிக்கையில் பகுதிவாரியாக விழுக்காடு இருக்கும். எது குறைவோ அந்தப் பகுதியின் லேப்பை வெற்றுத் திரையிலிருந்து மறுபடி கட்டிப் பார்த்துவிட்டு அடுத்த தேதியைப் பதிவு செய்யுங்கள்.