குழந்தைகளின் இதய அபாயம்: பரம்பரையையும் இனத்தையும் எடைபோடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மாரடைப்பு நடுவயதில் வரலாம். அதற்கான கொழுப்புப் படிவு சிறுவயதிலேயே தொடங்கிவிடுகிறது. அமெரிக்காவின் லூசியானாவில் 1973இல் தொடங்கிய போகலூசா ஆய்வில், இளம் வயதில் விபத்து போன்ற காரணங்களால் இறந்தவர்களின் ரத்தக்குழாய்களிலேயே அது காணப்பட்டது. ஆகவே குழந்தையின் அபாயக் குறியீடுகளைத் தவறாகப் படிப்பது சிறிய விஷயமல்ல.

அடிக்கடி நடக்கும் தவறு குடும்ப வரலாற்றை அரைகுறையாகக் கேட்பது. "தாத்தாவுக்கு மாரடைப்பு வந்தது" என்ற பதில் போதாது. எந்த வயதில் வந்தது என்பதுதான் முக்கியம். நெருங்கிய உறவில் ஆணுக்கு 55 வயதுக்கு முன்பும் பெண்ணுக்கு 65 வயதுக்கு முன்பும் வந்திருந்தால் அது எச்சரிக்கை. தாய்வழி, தந்தைவழி இரண்டையும் கேட்க வேண்டும். காரணம் தெரியாத திடீர் மரணங்களையும் விட்டுவிடக் கூடாது. பெற்றோருக்கு நோய் இல்லை என்பதும் நிம்மதிக்குரிய செய்தியல்ல. சிறு குழந்தையின் பெற்றோர் பெரும்பாலும் நோய் வெளிப்படும் வயதையே எட்டியிருக்க மாட்டார்கள்.

இந்த அலட்சியத்தில் தப்பிவிடும் முக்கிய நோய், பரம்பரை மிகைக் கொலஸ்ட்ரால். உலகில் ஏறத்தாழ 250 முதல் 300 பேரில் ஒருவருக்கு இது இருக்கிறது. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு குழந்தைக்கும் வர 50 சதவீத வாய்ப்பு உண்டு. கெட்ட கொழுப்பான எல்டிஎல்லை ரத்தத்திலிருந்து கல்லீரல் சரிவர அகற்றாததே இதன் அடிப்படை. குழந்தை ஒல்லியாக, ஓடியாடிக்கொண்டு இருக்கும். எந்த அறிகுறியும் தெரியாது. உணவுக் கட்டுப்பாட்டால் மட்டும் இதைச் சரிசெய்துவிடலாம் என்று ஆண்டுக்கணக்கில் காத்திருப்பது எனக்கு மிகவும் வருத்தம் தரும் தவறு. தேவைப்படும் குழந்தைகளுக்கு 8 முதல் 10 வயதிலேயே, கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாட்டின் மருந்தைத் தொடங்க மருத்துவ வழிகாட்டுதல்கள் இடம் தருகின்றன.

இனம் பற்றிய தவறுகள் இரு திசையிலும் நடக்கின்றன. எல்லாக் குழந்தைகளுக்கும் ஒரே அளவுகோல் என்று நினைப்பது ஒன்று. இங்கிலாந்தில் 9, 10 வயதுக் குழந்தைகளிடம் நடந்த ஆய்வில், வெள்ளையினக் குழந்தைகளைவிடத் தெற்காசிய வம்சாவளிக் குழந்தைகளுக்கு இன்சுலினும், ரத்தத்தில் உள்ள இன்னொரு வகைக் கொழுப்பான ட்ரைகிளிசரைடும் அதிகமாகவும், நல்ல கொழுப்பான எச்டிஎல் குறைவாகவும் இருந்தன. உயரத்துக்கேற்ற எடையைக் காட்டும் உடல் நிறை குறியீடு ஒன்றாகவே இருந்தாலும் அவர்களுக்கு உடல் கொழுப்பும் அதிகம். எனவே "எடை சரியாக இருக்கிறது" என்ற வார்த்தை அவர்களிடம் ஏமாற்றும். ஆப்பிரிக்க வம்சாவளியினரில் படம் வேறு: ட்ரைகிளிசரைடு பொதுவாகக் குறைவு, ஆனால் லிப்போபுரோட்டீன்-ஏ சராசரியாக மிக அதிகம். எல்டிஎல்லை ஒத்த இந்தக் கொழுப்புத் துகளின் அளவைப் பெரும்பாலும் மரபணுவே தீர்மானிக்கிறது. கொலஸ்ட்ராலை மட்டும் பார்த்தால் இந்த வேறுபாடுகள் கண்ணில் படாது.

மற்றொன்று, இனத்தையே தீர்ப்பாக எழுதிவிடுவது. ஒரே இனத்துக்குள் இரு குழந்தைகளுக்கு இடையே உள்ள வேறுபாடு, இனங்களின் சராசரிகளுக்கு இடையே உள்ளதைவிடப் பெரிதாக இருக்கும். சராசரி வேறுபாட்டில் உணவு, உடல் உழைப்பு, தாயின் கர்ப்பகால ஆரோக்கியம், வறுமை எல்லாம் கலந்திருக்கின்றன. அத்தனையும் மரபணு அல்ல. எதைக் கூடுதலாகச் சோதிக்க வேண்டும் என்பதை இனம் சொல்லலாம். குழந்தைக்கு அபாயம் இருக்கிறதா என்பதை அதன் சொந்த அளவுகளும் குடும்பமுமே சொல்லும்.

சோதனையிலும் கவனம் வேண்டும். பருவமடையும் காலத்தில் கொலஸ்ட்ரால் தற்காலிகமாக இறங்குவதால், அப்போது கிடைக்கும் நல்ல முடிவை அப்படியே நம்பிவிடக் கூடாது. அதற்கு முன்பான 9 முதல் 11 வயது பொருத்தமான காலம். குடும்பத்தில் அபாயம் இருந்தால் 2 வயதுக்குப் பிறகே பரிசோதிக்கலாம். குழந்தைகளுக்கு எல்டிஎல் டெசிலிட்டருக்கு 130 மில்லிகிராம் எட்டினாலே அதிகம். காய்ச்சலின்போது எடுத்த ஒரே ஒரு முடிவை வைத்து முடிவெடுக்காமல், சில வாரங்கள் கழித்து மீண்டும் சோதிக்க வேண்டும்.

ஒரு குழந்தைக்குப் பரம்பரை மிகைக் கொலஸ்ட்ரால் உறுதியானால், சிகிச்சையை அந்தக் குழந்தையோடு நிறுத்திவிடாதீர்கள். உடன்பிறந்தவர்களுக்கும் பெற்றோர் இருவருக்கும் அதே வாரத்தில் ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். மாரடைப்பு வரும் வயதை நெருங்கிக்கொண்டிருக்கும் ஒருவர் அவர்களிலேயே இருக்கக்கூடும்.