கூட்டத்தை வைத்துக் கணக்குப் போடலாமா? கன்சாஸ் சிட்டி பவர் அண்ட் லைட் வட்டாரத்தைப் பற்றிச் செய்யும் தவறுகள்

கன்சாஸ் சிட்டியை வரைபடத்தில் தேடுகிறவர்கள் முதலில் கன்சாஸ் மாநிலத்தில்தான் விரலை வைப்பார்கள். பெரிய கன்சாஸ் சிட்டி இருப்பது மிசௌரியில். மாநில எல்லை ஊர்ப்புறத்துக்கு நடுவே ஓடுகிறது. தெருவைத் தாண்டினால் வேறு மாநிலம், வேறு வரி. இந்த எல்லை விவகாரம் பின்னால் வாடகைக்காரர் தலையில் வந்து விடியும், அதனால் இப்போதே சொல்லி வைக்கிறேன்.

இந்த ஊரின் நடு மையத்தில் இருப்பதுதான் பவர் அண்ட் லைட் வட்டாரம். பார், உணவகம், இசை மேடை, சினிமா, அரங்கு, அதையொட்டி உயரமான வாடகைக் குடியிருப்புகள். பால்டிமோரைச் சேர்ந்த கார்டிஷ் நிறுவனம் மாநகராட்சியோடு ஒப்பந்தம் போட்டுக் கட்டியது. மேயர் கே பார்ன்ஸ் காலத்தில் போட்ட திட்டம் இது. அதற்கு முன்பு அலுவலகம் விட்டதும் காலியாகிவிடும் பகுதி. பாதி இடம் கார் நிறுத்தும் திடலாகக் கிடந்தது. நகரத் திட்டமிடல் பேசுகிறவர்கள் இதை ஒன்று தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடுகிறார்கள், இல்லாவிட்டால் வரிப்பணத்தைக் கொள்ளையடித்த கதை என்கிறார்கள். இரண்டு தரப்பும் வழக்கமாக வழுக்கி விழும் இடங்கள் சில உண்டு.

“இவ்வளவு கூட்டம் வருதே, அப்புறம் என்ன?”

கிராண்ட் தெருவில் பெரிய உள்ளரங்கு ஒன்று இருக்கிறது. 2004 ஆகஸ்டில் வாக்கெடுப்பு நடத்தி, ஓட்டல் அறைக்கும் வாடகைக் காருக்கும் கட்டணம் விதித்து அதற்குப் பணம் திரட்டினார்கள். சுமார் 27.6 கோடி டாலர் செலவில் கட்டி 2007 அக்டோபரில் ஸ்பிரிண்ட் சென்டர் என்ற பெயரில் திறந்தார்கள். 2020 முதல் அதன் பெயர் டி-மொபைல் சென்டர். கூடைப்பந்து, ஐஸ் ஹாக்கி இரண்டிலும் பெரிய லீக் அணி எதுவும் இன்றுவரை அங்கே குடிவரவில்லை. ஆனாலும் கச்சேரிகளும் பிக் 12 கல்லூரிக் கூடைப்பந்துத் தொடரும் அரங்கை நிரப்புகின்றன.

அரங்குக்கு எதிரே கே.சி. லைவ் என்ற திறந்த முற்றம், மேலே கூரை, சுற்றிலும் இரண்டு தளங்களில் பார்கள், முன்னால் பெரிய திரை. பொது இடத்தில் மதுக்கோப்பையோடு நடக்க அமெரிக்காவின் பெரும்பாலான ஊர்களில் அனுமதி கிடையாது. இந்த முற்றத்துக்குள் மட்டும் பிளாஸ்டிக் கோப்பையோடு ஒரு கடையிலிருந்து இன்னொரு கடைக்குப் போகலாம். அதற்காக மாநிலச் சட்டத்தில் தனியாக இடம் செய்தார்கள். 2014 உலகக் கோப்பைக் கால்பந்தின்போது இங்கே திரண்ட கூட்டத்தைத் தேசியத் தொலைக்காட்சிகள் காட்டின. 2014, 2015 இரண்டு ஆண்டுகளிலும் ராயல்ஸ் பேஸ்பால் அணி இறுதித் தொடருக்குப் போனபோது இன்னும் அதிகம்.

அந்தப் படங்களைப் பார்த்துவிட்டுத் திட்டம் வெற்றி என்று எழுதுவதுதான் முதல் தவறு. ஆட்டம் இல்லாத செவ்வாய்க்கிழமை மத்தியானம் அதே முற்றத்தில் யார் இருக்கிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். கூட்டம் வாடகை கட்டாது. நிகழ்ச்சி நாளில் வருகிறவர் ஒரு வேளை சாப்பிட்டுவிட்டு நெடுஞ்சாலை ஏறிவிடுவார். மருந்துக்கடை, முடிதிருத்தகம், சலவைக்கடை எல்லாம் பிழைக்க அங்கேயே படுத்து எழுகிற ஆட்கள் வேண்டும்.

என்னைக் கேட்டால், இந்த வட்டாரத்தின் உண்மையான திருப்பம் எந்த பாரும் இல்லை. 2009 தொடக்கத்தில் 13வது தெருவும் மெயின் தெருவும் சந்திக்கும் இடத்தில் திறந்த காசென்டினோஸ் மளிகைக் கடைதான். ஊர் மையத்தில் காய்கறியிலிருந்து இறைச்சி வரை ஒரே இடத்தில் வாங்கும்படி முழு அளவில் ஒரு கடை. பொருளாதாரச் சரிவின் நடுவே, சுற்றிலும் வீடுகள் போதாத காலத்தில் திறந்தார்கள். அலுவலக ஊழியர்களின் மதிய உணவுதான் முதலில் கைகொடுத்தது. வீடு பார்க்க வந்தவரிடம் பால் வாங்க எங்கே போவது என்பதற்குப் பதில் இருந்தது, அவ்வளவுதான். ஆனால் அந்தப் பதில் இல்லாமல் எத்தனையோ ஊர் மையங்கள் பாருக்கு மட்டும் பேர்போனவையாக நின்றுவிட்டன.

“கூடுதல் வரியில் கட்டினது, யாருக்கும் நஷ்டமில்லை”

இதுதான் ரொம்பப் பெரிய தவறு. திட்டத்தை விற்க வருகிறவர்கள் சொல்வதும் இதையே.

அங்கே ‘டிஃப்’ என்று எல்லோர் வாயிலும் புழங்கும் ஏற்பாடு ஒன்று உண்டு. ஓர் இடத்தில் இன்றைக்குக் கிடைக்கும் வரியை ஒரு கோடாகப் போட்டுக்கொள்வார்கள். கட்டடம் வந்த பிறகு அந்தக் கோட்டுக்கு மேல் எவ்வளவு கூடுகிறதோ, அதைத் திட்டத்தின் செலவுக்குத் திருப்பிவிடுவார்கள். மிசௌரி சட்டப்படி கூடும் சொத்துவரி முழுவதையும், விற்பனை வரி மாதிரியானவற்றில் கூடுவதில் பாதியையும் இப்படி எடுக்கலாம். கேட்கும்போது நியாயமாகத்தான் இருக்கும்: திட்டம் இல்லையென்றால் அந்த வரியே இருந்திருக்காது, பிறகென்ன?

சிக்கல் இரண்டு இடத்தில் இருக்கிறது. கூடுதல் வரி வர வர, கட்டியவருக்குக் கொடுத்துக்கொண்டே போவது ஒரு வகை. வரி வராவிட்டால் நஷ்டம் கட்டியவருக்கு. கன்சாஸ் சிட்டி அந்த வழியில் போகவில்லை. மாநகராட்சியே முன்கூட்டி சுமார் 29.5 கோடி டாலருக்குக் கடன்பத்திரம் வெளியிட்டது. எதிர்பார்த்த வரி குறைந்தால் மீதியைத் தானே கட்டுவதாகப் பொறுப்பும் ஏற்றது. வட்டாரம் முழுதாகத் திறந்தது 2008இல். அந்த ஆண்டு அமெரிக்கப் பொருளாதாரம் என்ன ஆனது என்று சொல்ல வேண்டியதில்லை. வரி மதிப்பீட்டுக்குக் கிட்டேகூட வரவில்லை. பல ஆண்டுகள், ஆண்டுக்கு ஒரு கோடி டாலருக்கு மேல் பொது நிதியிலிருந்து எடுத்துக் கடனைக் கட்டினார்கள். காவல், தீயணைப்பு, சாலை எல்லாவற்றுக்கும் அதே நிதிதான்.

அடுத்த சிக்கல், ‘கூடுதல்’ என்பது உண்மையிலேயே கூடுதலா என்பது. வெள்ளிக்கிழமை மாலை அதே ஊரின் இன்னொரு பார் பகுதியான வெஸ்ட்போர்ட்டில் பீர் குடித்துக்கொண்டிருந்தவர் இப்போது கே.சி. லைவுக்கு வருகிறார். இங்கே விற்பனை வரி ஏறியதாகக் கணக்கு காட்டும். வெஸ்ட்போர்ட்டில் இறங்கியதை அந்தக் கணக்கில் யாரும் கழிக்க மாட்டார்கள். பக்கத்துக் கன்சாஸ் மாநிலத்திலிருந்து வந்து செலவழிப்பவர் என்றால் மிசௌரிக்குப் புதுப் பணம். மிசௌரிக்காரரே இடம் மாறினால் வலப்பையிலிருந்து இடப்பைக்குப் போனது. இதைப் பிரித்துக் காட்டாத எந்த அறிக்கையையும் நான் பாதிதான் நம்புவேன்.

“தோத்துப்போச்சு”, “ஜெயிச்சாச்சு”

2010 வாக்கில் பார்த்தவர்கள் தோல்வி என்றார்கள். கடன் மட்டும் இல்லை, வேறு கசப்பும் இருந்தது: பார்களின் உடைக் கட்டுப்பாடு கறுப்பின இளைஞர்களை வெளியே நிறுத்தத்தான் என்ற குற்றச்சாட்டு எழுந்து, மாநகராட்சி வரை போனது. ஒப்பந்தத்தில் பேசிய குடியிருப்புக் கோபுரம் ஒன்றுகூட எழும்பவில்லை.

பிறகு 2015 கடைசியில் ஒன் லைட் திறந்தது: 25 மாடி, 300 வீடுகளுக்கு மேல். 2018இல் டூ லைட், 2023இல் த்ரீ லைட், இரண்டும் ஏறக்குறைய அதே அளவு. அரங்கு திறந்ததற்கும் முதல் கோபுரத்துக்கும் நடுவே எட்டு ஆண்டுகள். கேளிக்கையும் குடியிருப்பும் சேர்ந்த ஒரு வட்டாரத்தைப் பாதி கட்டியபோதே தீர்ப்பு எழுதினால் இப்படித்தான் ஆகும்.

ஆனால் கோபுரங்கள் நிரம்பியதும் “பார் வந்ததால்தான் ஜனம் குடிவந்தது” என்று எழுதுகிறார்களே, அதுவும் சரியில்லை. ஊர் மையத்துக்கு ஆட்கள் திரும்பியது அதற்கு முன்பே தொடங்கியது. பாரம்பரியக் கட்டடத்தைப் புதுப்பித்தால் செலவில் கால்பங்கை வரிக்கழிவாகத் தரும் மிசௌரி மாநிலத் திட்டம் 1998இல் வந்தது. பழைய கிடங்குகளும் அலுவலகங்களும் வீடுகளாயின. வட்டாரத்துக்குப் பெயர் கொடுத்த 1931ஆம் ஆண்டின் பவர் அண்ட் லைட் கட்டடமே கார்டிஷ் கட்டியதில்லை. வேறொரு நிறுவனம் அதைத் தனியாகக் குடியிருப்பாக மாற்றியது. அப்புறம் டிராம். 2016 மே மாதம் ரிவர் மார்க்கெட்டிலிருந்து யூனியன் ஸ்டேஷன் வரை, சுமார் மூன்றரை கிலோமீட்டர், ஓடத் தொடங்கியது. டிக்கெட்டே கிடையாது. 2025 அக்டோபரில் தெற்கே பல்கலைக்கழகம் வரை நீண்டது. குடியேற்றம் பெருகியதில் பார்களுக்கும் பங்குண்டு, ஆனால் மொத்தப் பங்கும் அவற்றுக்கு இல்லை.

வாடகைக்குப் போகிறவர் செய்யும் தவறு

இந்தக் கோபுரங்களில் வீடு விற்பனைக்கு இல்லை, வாடகைக்கு மட்டும். மாதிரி வீட்டைப் பகலில் காட்டுவார்கள், அழகாகத்தான் இருக்கும். ஒன் லைட் நிற்பது வால்நட் தெருவும் 13வது தெருவும் சேரும் முனையில், இசை மேடைக்குப் பக்கத்தில். ஜன்னல் எந்தப் பக்கம் பார்க்கிறது, எத்தனையாவது மாடி என்று கேளுங்கள். சனிக்கிழமை இரவு ஒருமுறை, நிகழ்ச்சி இல்லாத வார நாள் காலை ஒருமுறை போய் நின்று பாருங்கள். கார் நிறுத்தத்துக்குத் தனிக் கட்டணமா, அரங்கில் நிகழ்ச்சி நடக்கும் இரவில் தெரு அடைப்பு உண்டா என்பதையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். தெற்கே நெடுஞ்சாலைக்கு மேல் மூடி போட்டுப் பூங்கா கட்டும் வேலை 2024இல் தொடங்கியது. பூங்காவைப் பார்த்த வீடு என்று சொன்னால், வேலை எந்த நிலையில் இருக்கிறது என்று நேரில் பார்த்துவிடுங்கள்.

முதலில் சொன்ன எல்லை விவகாரம் இங்கேதான் வருகிறது. கன்சாஸ் சிட்டி, மிசௌரியில் குடியிருந்தால் சம்பாத்தியத்தில் 1 சதவீதம் நகர வரி. வேலை எல்லைக்கு அந்தப்பக்கம் ஓவர்லாண்ட் பார்க்கில் இருந்தாலும் கட்ட வேண்டும். ஆண்டுக்கு 90,000 டாலர் சம்பளம் என்றால் 900 டாலர், மாதம் 75. வாடகையோடு இதைக் கூட்டிப் பார்க்காமல் புறநகர் வீட்டோடு ஒப்பிடுகிறவர்கள் நிறைய. டிராமும் ஓசியில்லை: அந்தப் பாதையையொட்டிய பகுதியில் வாங்கும் பொருள்களுக்கு 1 சதவீதம் கூடுதல் விற்பனை வரி இருக்கிறது.

“அதே மாதிரி நம்ம ஊரிலும்”

மிசௌரியின் இன்னொரு முனையில், செயின்ட் லூயிஸில், இதே கார்டிஷும் கார்டினல்ஸ் பேஸ்பால் அணியும் பால்பார்க் வில்லேஜ் என்ற வட்டாரத்தை அறிவித்தார்கள். புது மைதானம் 2006இல் திறந்துவிட்டது. பக்கத்தில் வரவேண்டிய வட்டாரத்தின் முதல் கட்டம் 2014இல்தான் வந்தது. குடியிருப்புக் கோபுரம் 2020இல். நடுவே 2009இல் நாடே பார்க்கும் ஆல்-ஸ்டார் ஆட்டம் அங்கே நடந்தபோது அந்த இடம் வெறும் திடல். கன்சாஸ் சிட்டியிலேயே 2024 ஏப்ரலில், ராயல்ஸ் அணிக்கு ஊர் மையத்தில் மைதானம் கட்ட உதவும் விற்பனை வரி நீட்டிப்பைக் கவுண்டி வாக்காளர்கள் சுமார் 58 சதவீதம் எதிர்த்துத் தள்ளினார்கள். மைதானத்துக்கு யோசித்த இடம் பவர் அண்ட் லைட்டுக்குத் தெற்கே, நெடுஞ்சாலையைத் தாண்டினால் வந்துவிடும். அதை நம்பி வளர்ச்சிக் கணக்குப் போட்டவர்கள் திரும்பப் போட வேண்டியதாயிற்று.

நகல் எடுக்க விரும்பும் ஊர்கள் விளம்பரப் படத்தைப் பார்க்கின்றன, ஒப்பந்தத்தைப் படிப்பதில்லை. மூன்றாவது கோபுரமான த்ரீ லைட்டைக் கட்டும் முறை வந்தபோது ஊர் மையத்தில் வீட்டுக்கு நல்ல கிராக்கி. இனியும் வரிச்சலுகையும் கார் நிறுத்தத்துக்கு மாநகராட்சிப் பணமும் எதற்கு என்று மன்ற உறுப்பினர்களே கேட்டார்கள். 2004இல் பேசிய ஒப்பந்தத்தில் பின்னால் வரும் கோபுரங்களுக்கும் சலுகை உண்டு என்று இருந்தது. ஊர் மையம் காலியாகக் கிடந்த நாளில், யாராவது வந்தால் போதும் என்ற நிலையில் ஒப்புக்கொண்டது அது. சந்தை நிலவரம் மாறினால் சலுகை குறையும் என்று அதில் ஒரு வரி சேர்த்திருந்தால், பேரம் பேச மாநகராட்சிக்குக் கையில் ஏதாவது இருந்திருக்கும்.