ஒரு காதில் மட்டும் கேட்கிறதா, குரல் அமுங்கிப் போகிறதா: வீட்டு ரெக்கார்டிங்கில் பேனிங்கும் வால்யூமும்

சத்தத்தை இடது வலது பக்கம் தள்ளும் பேன் குமிழைத் திருப்புவதற்கு முன், ரெக்கார்டிங் சாஃப்ட்வேரில் மொத்தச் சத்தத்தின் அளவைக் காட்டும் மாஸ்டர் மீட்டரைப் பாருங்கள். இடம் வலம் இரண்டு பட்டைகளும் ஒரே அளவில் ஏறி இறங்குகின்றன, ஆனால் ஒரு காதில்தான் கேட்கிறது என்றால் கோளாறு சாஃப்ட்வேருக்கு வெளியே இருக்கிறது. ஒரு பட்டை அசையாமல் கிடந்தால் உள்ளே இருக்கிறது. இதைப் பார்க்காமல் ப்ளக்இன்களை (சாஃப்ட்வேரில் சேர்க்கும் எஃபெக்ட்களை) நோண்ட ஆரம்பித்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுதாகப் போய்விடும். ஹெட்போனை இடம் வலம் மாற்றி மாட்டியும் அதே காதில்தான் கேட்கிறது என்றால், பார்க்க வேண்டியது காது டாக்டரை.

வெளியே

பெரும்பாலும் குற்றவாளி ஹெட்போனின் பின்தான். பின்னில் உள்ள கறுப்பு வளையங்களை எண்ணுங்கள். ஒன்று இருந்தால் மோனோ (ஒரே சேனல்), இரண்டு இருந்தால் ஸ்டீரியோ (இடது, வலது என இரண்டு சேனல்), மூன்று இருந்தால் மைக் வைத்த மொபைல் ஹெட்போன். பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் 3.5 மி.மீ. பின்னை 6.35 மி.மீ. ஆக்கும் அடாப்டர் கேட்டால், மோனோவும் ஸ்டீரியோவும் ஒரே டப்பாவில் கலந்து கிடக்கும். காசு கொடுக்கும் முன் வளையத்தை எண்ணிவிடுங்கள். மோனோ அடாப்டர் போட்டால் இடது பக்கம் மட்டும்தான் வரும்.

மூன்று வளைய ஹெட்போனை ஆடியோ இன்டர்ஃபேஸில் (மைக்கையும் ஹெட்போனையும் கம்ப்யூட்டரோடு இணைக்கும் பெட்டியில்) செருகும்போது வேறொரு வேடிக்கை நடக்கும். குரலும் பேஸும் காணாமல் போய், எக்கோவும் ஓரத்து வாத்தியங்களும் மட்டும் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்கும். மிக்ஸ் கெட்டுவிட்டது என்று பயப்பட வேண்டாம். கிரவுண்ட் (இரண்டு பக்கத்துக்கும் பொதுவான இணைப்பு) சரியாகத் தொடாததால், இடதுக்கும் வலதுக்கும் உள்ள வித்தியாசம் மட்டுமே காதுக்கு வருகிறது. நடுவில் வைத்த குரல் இரண்டு பக்கமும் ஒன்றுபோலவே இருப்பதால் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு மறைகிறது. ஹெட்போன் ஒயரில் கால் எடுக்கும் பட்டன் இருக்குமே, அதை அழுத்திப் பிடித்துப் பாருங்கள். குரல் திரும்பி வந்து, விட்டதும் போனால் சந்தேகமே இல்லை. பின்னை ஒரு நூல் வெளியே இழுத்தால் தற்காலிகமாகச் சரியாகும். இரண்டு வளைய ஹெட்போன் வாங்குவதுதான் நிரந்தரத் தீர்வு.

இதே கோளாறு கோயில் விழாவிலும் தலைகாட்டும். அல்சூரில் பஜனைக் குழு பின்னணி இசையை லேப்டாப்பிலிருந்து ஒரே ஸ்டீரியோ ஒயர் வழியாக மிக்ஸரின் பேலன்ஸ்டு மைக் சேனலில் (இரண்டு ஒயர்களின் வித்தியாசத்தை மட்டும் எடுப்பது) செருகினால், நடுவில் உள்ளதெல்லாம் மறைந்துவிடும். இடதையும் வலதையும் தனித்தனியாகப் பிரிக்கும் ஒயர் வாங்கி இரண்டு சேனல்களில் போடுங்கள்.

ஒயர் சரியாக இருந்தால் கம்ப்யூட்டர் செட்டிங்கைப் பாருங்கள். விண்டோஸில் அக்ஸசிபிலிட்டி பகுதியில் மோனோ ஆடியோ ஆன் ஆகியிருந்தால், எதை எங்கே பேன் செய்தாலும் நடுவில்தான் கேட்கும். மேக்கில் சவுண்ட் அவுட்புட் பக்கத்தில் உள்ள பேலன்ஸ் நடுவில் நிற்கிறதா என்று பாருங்கள். மிக்ஸ் செய்யும்போது வால்யூம் திடீரென இறங்கினால், விண்டோஸின் பழைய சவுண்ட் பெட்டியில் கம்யூனிகேஷன்ஸ் என்ற தாவலைத் திறங்கள். கால் வந்தால் மற்ற சத்தத்தை 80 சதவீதம் குறைக்கும் ஏற்பாடு அங்கேதான் இருக்கிறது. ‘டூ நத்திங்’ என்று மாற்றிவிடுங்கள்.

உள்ளே

இன்டர்ஃபேஸின் முதல் ஓட்டையில் மைக்கைச் செருகிவிட்டு, ட்ராக்கை ஸ்டீரியோவாக வைத்து ரெக்கார்ட் செய்தால் முதல் இன்புட் இடதுக்குப் போகும், வலது காலியாக இருக்கும். அடுத்த டேக்குக்கு ட்ராக் இன்புட்டை ‘மோனோ, இன்புட் 1’ என்று வையுங்கள். ஏற்கெனவே பாடி முடித்ததையும் காப்பாற்றலாம். ரீப்பர் என்ற ரெக்கார்டிங் சாஃப்ட்வேரில் அந்தத் துண்டைத் தேர்ந்து எஃப்2 அழுத்தி, சேனல் மோடில் மோனோ இடது என்பதைத் தேர்ந்தெடுங்கள். அதன் பக்கத்திலேயே இருக்கும் டவுன்மிக்ஸைத் தொடாதீர்கள். அது காலிப் பக்கத்தையும் சேர்த்துச் சராசரி எடுப்பதால் குரல் 6 டெசிபல் இறங்கிவிடும். ஆடாசிட்டியில் ட்ராக் பெயர் மெனுவில் ‘ஸ்ப்ளிட் ஸ்டீரியோ டு மோனோ’ கொடுத்துக் காலி ட்ராக்கை அழித்தால் போதும்.

கீபோர்டை ஸ்டீரியோவில் எடுத்து இடது பக்கம் பேன் செய்தால் மேல் ஸ்வரங்கள் மறைகின்றனவா? பல சாஃப்ட்வேர்களில் ஸ்டீரியோ ட்ராக்கில் இருப்பது உண்மையான பேன் அல்ல, பேலன்ஸ். அது வலது சேனலை இடதுக்குக் கொண்டுவராது, வலதை அணைக்க மட்டும் செய்யும். ரீப்பரில் பேன் குமிழை ரைட் க்ளிக் செய்து ஸ்டீரியோ பேன் அல்லது டூயல் பேன் ஆக்குங்கள்.

குமிழ் திரும்புகிறது, சத்தம் அசையவில்லை என்றால் மாஸ்டரிலோ பஸ்ஸிலோ (பல ட்ராக்குகள் ஒன்றுசேரும் வழி) மோனோ பட்டன் அழுத்தியபடி இருக்கும், அல்லது மோனோவாக வேலை செய்யும் ப்ளக்இன் ஒன்று அங்கே உட்கார்ந்திருக்கும். ஒவ்வொன்றாக பைபாஸ் செய்தால், அதாவது தற்காலிகமாக அணைத்தால், பிடிபடும். ட்ராக்கின் வால்யூமை மாற்றும் ஃபேடரை இறக்கியும் ரிவர்ப் (எதிரொலி எஃபெக்ட்) மட்டும் கேட்டால், ரிவர்புக்குச் சத்தத்தை அனுப்பும் ஸெண்ட் ப்ரீ ஃபேடரில், அதாவது ஃபேடருக்கு முன்பே பிரியும்படி இருக்கிறது. நீங்கள் வைத்த இடத்தில் ஃபேடர் நிற்காமல் குதித்தால் ஆட்டோமேஷன், அதாவது முன்பே பதிந்து வைத்த அசைவு. ரீப்பரில் வி அழுத்தினால் வால்யூம் கோடும், பி அழுத்தினால் பேன் கோடும் தெரியும்.

பேன் லா என்பதைப் பலர் கவனிப்பதில்லை. ஒரு மோனோ சத்தம் நடுவில் இருக்கும்போது இரண்டு ஸ்பீக்கரிலும் வருகிறது, ஓரத்துக்குப் போனால் ஒன்றில் மட்டும் வருகிறது. பேன் லா 0 டெசிபல் என்றால், ஓரத்துக்குத் தள்ளியதும் அது சுமார் 3 டெசிபல் அடங்கினதுபோல் கேட்கும். மைனஸ் 3 என்றால் நடுவில் அந்த அளவு குறைத்துச் சரிக்கட்டும். அதனால்தான் ஒரே ட்ராக்குகளை வேறு சாஃப்ட்வேரில் ஏற்றினால் அளவுகள் மாறிவிடுகின்றன. ரீப்பரில் ஆல்ட், என்டர் அழுத்தி ப்ராஜெக்ட் செட்டிங்ஸ் திறந்து, அட்வான்ஸ்டு பக்கத்தில் பார்க்கலாம். எதை வைத்தாலும் ஆரம்பத்திலேயே வையுங்கள். பாதி மிக்ஸில் மாற்றினால் எல்லா லெவலும் ஆட்டம் காணும். முதலில் பேன், பிறகு வால்யூம்: இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

கர்நாடகக் கச்சேரி போல வைக்க நினைப்பவர்களுக்கு மேடையே வரைபடம். வலதுகை மிருதங்கக்காரர் பாடகரின் வலப்பக்கம் உட்காருவார், வயலின் இடப்பக்கம். ரசிகருக்கு மிருதங்கம் இடதிலும் வயலின் வலதிலும் தெரியும். குரல் நடுவில், மற்றவை 20 முதல் 30 சதவீதம் தள்ளி இருந்தால் போதும். மிருதங்கத்துக்கு இரண்டு மைக் வைத்துவிட்டு, வலந்தலையை (வலது முகம்) ஒரு கோடியிலும் தொப்பியை (இடது முகம்) மறு கோடியிலும் போடுவது எங்களுக்குப் பிடிக்காது. மிருதங்கம் அறை முழுக்கப் படுத்துக்கொண்டதுபோல் இருக்கும். இரண்டையும் இடப்பக்கத்திலேயே சற்று விலக்கி வையுங்கள். மாஸ்டரை மோனோ ஆக்கி, ஒரு மைக்கின் பொலாரிட்டியை (ஒலி அலையின் மேல் கீழ் திசையை) திருப்பிப் பாருங்கள். தொப்பியின் ‘தும்’ எதில் கனமாக இருக்கிறதோ அதுவே சரி. இந்த மோனோ சோதனை எல்லா மிக்ஸுக்கும் வேண்டும். சிறிய ப்ளூடூத் ஸ்பீக்கர்கள் பலவும் கோயில் ஹார்னும் மோனோதான். ஓரத்தில் வைத்தது அங்கே நடுவில் இருப்பதைவிட இன்னும் 3 டெசிபல் இறங்கும்.

வால்யூம்

வீட்டில் கரோக்கி போட்டுப் பாடுபவர்களின் முதல் புகார் குரல் அமுங்குகிறது என்பதுதான். டவுன்லோட் செய்த கரோக்கி ஏற்கெனவே மாஸ்டர் செய்யப்பட்டு 0 டெசிபலை முட்டி நிற்கிறது. உங்கள் குரலோ மைனஸ் 12இல் இருக்கிறது. குரலை ஏற்றினால் மாஸ்டர் சிவக்கும், லிமிட்டர் (உச்சத்தைத் தடுக்கும் ப்ளக்இன்) போட்டால் இரண்டும் நசுங்கும். குரலைத் தொடாமல் கரோக்கி ட்ராக்கை 8 முதல் 10 டெசிபல் இறக்குங்கள். மொத்தச் சத்தம் போதவில்லை என்றால் இன்டர்ஃபேஸின் ஹெட்போன் குமிழைத் திருப்புங்கள், ஃபேடரை அல்ல.

ரெக்கார்டிங்கில் 24 பிட் வைத்து, உச்சஸ்தாயியில் கத்திப் பாடும் இடத்தில் மீட்டர் மைனஸ் 12 முதல் மைனஸ் 10க்குள் நிற்கும்படி கெயினை (மைக் இன்புட்டின் அளவை) வையுங்கள். மெல்லப் பாடி கெயின் வைத்தால் அனுபல்லவியில் க்ளிப் ஆகும், அதாவது அளவு மீறிச் சிதையும். இன்டர்ஃபேஸில் க்ளிப் ஆன சத்தத்தை எந்த ஃபேடரும் மீட்காது. உள்ளே மிக்ஸில் சிவந்தால் எல்லா ஃபேடர்களையும் ஒன்றாகத் தேர்ந்து 6 டெசிபல் இறக்கினால் போதும். கனம் வேண்டும் என்று குரல் ட்ராக்கை அப்படியே காப்பி எடுத்து அடுக்குவதில் 6 டெசிபல் கூடுவதைத் தவிர வேறெதுவும் நடக்காது.

பாடும்போது குரல் இரட்டையாகக் கேட்டால், இன்டர்ஃபேஸின் டைரக்ட் மானிட்டரும் (மைக் சத்தத்தை நேராக ஹெட்போனுக்கு அனுப்புவது) சாஃப்ட்வேர் மானிட்டரும் சேர்ந்து ஓடுகின்றன. சாஃப்ட்வேர் பக்கத்தை அணையுங்கள். சில மாடல்களில் இன்புட், ப்ளேபேக் என்று எழுதிய மிக்ஸ் குமிழ் உண்டு. அது ஒரு கோடியில் நின்றால் பாட்டு கேட்கும் குரல் கேட்காது, மறு கோடியில் நின்றால் நேர்மாறு. டைரக்ட் மானிட்டர் ஸ்டீரியோவில் இருந்தால் முதல் மைக் இடது காதில் மட்டும் வரும். ரெக்கார்டிங்கை இது பாதிக்காது, ஆனாலும் பாடுபவர் தடுமாறுவார். மோனோவுக்கு மாற்றுங்கள்.

எக்ஸ்போர்ட் செய்யும்போது சேனல் ஸ்டீரியோவில் இருக்கிறதா என்று பாருங்கள், ட்ரூ பீக் (உண்மையான உச்ச அளவு) மைனஸ் 1க்கு மேல் போக வேண்டாம். ஸ்பாட்டிஃபை வழக்கமான செட்டிங்கில் எல்லாப் பாட்டையும் மைனஸ் 14 லஃப்ஸ் (காதுக்குத் தெரியும் உரப்பை அளக்கும் அலகு) அளவுக்குக் கொண்டுவந்துவிடும். அதனால் நசுக்கி உரக்கச் செய்வதில் லாபம் இல்லை. பேனும் லெவலும் அப்படியே ஃபைலில் இறங்கியதா என்று பார்க்க, எக்ஸ்போர்ட் செய்த வேவ் ஃபைலை அதே ப்ராஜெக்டில் புது ட்ராக்காகப் போட்டு, பொலாரிட்டியைத் திருப்பி, தொடக்கத்தைச் சரியாகப் பொருத்தி ஓட விடுங்கள். அந்த ட்ராக் மாஸ்டர் ப்ளக்இன்கள் வழியாகப் போகக் கூடாது. மௌனமாக இருந்தால் ஃபைல் சரி. ரிவர்பின் மெல்லிய மிச்சம் கேட்டால் பரவாயில்லை. குரலோ மிருதங்கமோ தெளிவாகக் கேட்டால், ஆட்டோமேஷனையும் ரெண்டர் (எக்ஸ்போர்ட்) செட்டிங்கையும் மறுபடி பாருங்கள்.